வெற்றுத் தாளில் நான்கு ரேகை

பங்குனி 7, சனி

காலை எட்டு மணிக்கே வெயில். நாகமலைப் பக்கம் பார்க்கக் கண் கூசுகிறது. மசிக்கூட்டில் மசி காய்ந்து ஓரத்தில் ஏடு கட்டிவிட்டது. தண்ணீர் விட்டுக் கலக்கினேன், எழுத்து வெளிறித் தெரிகிறது.

இன்று செய்ய வேண்டியவை: பார்சல் கட்டுகளுக்குச் சீட்டு. டிக்கெட் அலமாரிக்கு எண்ணெய். பேச்சியம்மாளுக்கு வெள்ளை நூல் ஒரு உருண்டை. பயிற்சி 16.

பதவி உயர்வுப் பரீட்சைக்கு இன்னும் பத்து நாள். பங்குனி 17, செவ்வாய், மதுரையில். தந்தி, விதிப்புத்தகம் இரண்டிலும் போன வருஷமே தேறிவிட்டேன். இங்கிலீஷ் தாள்தான் இரண்டு முறை காலை வாரியது. இரண்டு முறையும் ஒரே இடம். நடந்து முடிந்த காரியத்தை ‘இப்படி இருந்திருந்தால்’ என்று சொல்லும் இடம்.

நேற்று எழுதிய பத்து வாக்கியத்தையும் ஸ்டேஷன் மாஸ்டர் நீலப் பென்சிலால் உழுதுவிட்டார். திருநெல்வேலிக்காரர், பென்சிலை அழுத்திப் பிடிப்பார். “ஓய், ‘இஃப்’ இருக்கிற பாதியில ‘வுட்’ எட்டிப் பாக்கப்படாது. அங்க ‘ஹாட்’ தான். ‘வுட் ஹேவ்’ அடுத்த பாதிக்கு. ‘வுட் ஹாட்’னு எழுதியிருக்கீரே, அது எந்த ஊரு பாஷை?”

எனக்காக நான் எழுதிக்கொண்டது:

வுட் ஹேவ்: அது நடந்திருந்தால் இது நடந்தே இருக்கும்.
குட் ஹேவ்: முடிந்திருக்கும். ஆனால் செய்யவில்லை.
மைட் ஹேவ்: ஒருவேளை.
ஷுட் ஹேவ்: செய்திருக்க வேண்டும். செய்யவில்லை. இதற்கு ‘இஃப்’ கூட வேண்டாம், தனியாகவே நிற்கும்.

மதியம் கரட்டுக் கேட்டிலிருந்து கேட்காரன் சின்னக்கருப்பன் வந்தான், விளக்குக்கு மண்ணெண்ணெய் வாங்க. மாதம் ஒரு முறை வருவது. ஸ்டேஷனுக்கு மேற்கே இரண்டு மைல், ஒற்றைக் குடிசை, அவனும் பெண்டாட்டியும். அட்டவணையில் உள்ள வண்டிகளுக்கு அவனாகவே கேட்டைச் சாத்திவிடுவான். அட்டவணையில் இல்லாத ஸ்பெஷல் வந்தால் இங்கிருந்து ஆள் கேட் புத்தகத்தை எடுத்துக்கொண்டு போய்ச் சொல்ல வேண்டும். அவன் ரேகை வைக்க வேண்டும். விதி அது.

வழக்கம் வேறு. மண்ணெண்ணெய் வாங்க வரும் நாளிலேயே பத்துப் பன்னிரண்டு கட்டத்தில் ரேகை வாங்கி வைத்துவிடுவோம். ஸ்பெஷல் வந்தால் லைன் பார்க்கப் போகிற மூக்கனிடம் வாயால் சொல்லி அனுப்பினால் போயிற்று. புத்தகத்தை நாங்கள் பூர்த்தி செய்துகொள்வோம். எனக்கு முன்னால் இருந்தவர் காலத்திலிருந்து இப்படித்தான். மாஸ்டருக்கும் தெரியும்.

சின்னக்கருப்பன் மசியைக் கட்டைவிரலில் தடவி வரிசையாக வைத்தான். ஒன்றுகூடக் கட்டத்துக்கு வெளியே போகவில்லை. “நெருக்கி வைக்கவா சாமி, இம்புட்டு எடம் இருக்கே.” போதும் என்றேன். தலையில் விரலைத் துடைத்துக்கொண்டான். “வாரேன் சாமி.”

நூல் வாங்க மறந்துவிட்டேன்.

பங்குனி 8, ஞாயிறு

காற்றில்லை. வேப்பம்பூ மட்டும் உதிர்கிறது.

பேச்சிக்கு ஐந்தாம் மாதம். கிணற்றுத் தண்ணீர் உப்பு, குடித்தால் குமட்டுகிறது என்கிறாள். முதல் பிள்ளை இந்த வீட்டில்தான் பிறந்து இந்த வீட்டிலேயே போனது. மாட்டு வண்டி பிடித்து மதுரை போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. பரீட்சை தேறினால் பெரிய ஸ்டேஷன், ஆஸ்பத்திரி பக்கத்தில். அவள் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசுவதில்லை. நான் படிக்கும்போது மட்டும் பாத்திரத்தைச் சத்தமில்லாமல் வைக்கிறாள்.

பயிற்சி 17. ‘நாங்கள் மதுரையில் இருந்திருந்தால் பிள்ளை பிழைத்திருக்கும்.’ ‘வுட் ஹேவ்’ போடுவதா, ‘மைட் ஹேவ்’ போடுவதா என்று அரை மணி நேரம். தமிழில் ‘பிழைத்திருக்கும்’ என்று சொல்லிவிட்டுப் போய்விடலாம், யாரும் மேலே கேட்க மாட்டார்கள். இங்கிலீஷில் எவ்வளவு நிச்சயம் என்று சொன்னால்தான் வாக்கியம் முடிகிறது. கடைசியில் ‘மைட்’ போட்டேன். அந்தத் தாளை மாஸ்டரிடம் காட்டவில்லை.

பங்குனி 9, திங்கள்

எழுத்து சரியாக வராது. ஆனாலும் எழுத வேண்டும்.

8.50: மதுரையிலிருந்து தந்தி. காலி கூட்ஸ் வண்டி, ஸ்பெஷல், மேற்கே போகிறது, இங்கே நிற்காது. மாஸ்டர் குளிக்கப் போயிருந்தார்.

9.05: கேட் புத்தகத்தை எடுத்து முதல் ரேகைக்கு எதிரே வண்டி விவரம், நேரம், ‘தகவல் பெற்றேன்’ எல்லாம் எழுதினேன். மூக்கனைக் கூப்பிட்டேன். அவன் முன்னமே கிளம்பிக் கிழக்கே போய்விட்டான். தண்டவாளம் மாற்றிவிடும் பாயிண்ட்ஸ்மேனை அனுப்ப வேண்டும். அவன் தண்ணீர்த் தொட்டியில் இருந்தான். இந்த ஒரு பயிற்சியை முடித்துவிட்டுக் கூப்பிடலாம் என்று நினைத்தேன். பயிற்சி 18. நான்கு வாக்கியம்தான் பாக்கி.

9.40: இஞ்சின் சத்தம். எழுந்தேன். பச்சைக் கொடியை எடுத்துக்கொண்டு போய் பிளாட்பாரத்தில் நின்று காட்டினேன். நானே காட்டினேன். டிரைவர் கையை உயர்த்தினான். கடைசி வேகன் தாண்டி, தண்டவாளம் காலியாகத் தெரிந்த பிறகுதான் ஞாபகம் வந்தது.

ஓடினேன். கொடியும் கையுமாக. இரண்டு மைல். ஓடி என்ன செய்ய முடியும்? விசில் கேட்டது. விடாமல் கேட்டது. அப்புறம் நின்றுவிட்டது.

ஒச்சப்பன் மாமா வண்டி. சொந்த மாமா இல்லை, உறவுமுறையில் மாமா. திங்கட்கிழமைதோறும் சிம்மக்கல் மண்டிக்கு வெங்காயம் ஏற்றிக்கொண்டு போவார். போகும்போதெல்லாம் ஸ்டேஷன் வேலிப்பக்கம் நிறுத்தி, “என்ன மாப்ள, இன்னும் பாஸாகலையா, என் மாடே பாஸாயிருக்கும்போல” என்பார். ஒரு மாடு அந்த இடத்திலேயே. இன்னொன்று எழுந்து நிற்கப் பார்த்தது. மாமாவுக்கு இடுப்புக்குக் கீழே.

வெங்காயம் தண்டவாளம் நெடுக.

சின்னக்கருப்பன் தலைப்பாகையை அவிழ்த்து அவர் தொடையில் கட்டிக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும், “ஸ்பெசல் வருதுன்னு யாரும் சொல்லலையே சாமி. யாரும் வரலையே” என்றான். என்னைக் கேட்கவில்லை. என்னிடம் முறையிட்டான்.

நான் குனிந்து தலைப்பாகையின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டேன்.

பங்குனி 10, செவ்வாய்

மதுரையிலிருந்து இன்ஸ்பெக்டர் வந்தார். கேட் புத்தகத்தைப் பார்த்தார். தேதி, நேரம், ரேகை. கீழே விவரமில்லாமல் கிடந்த மற்ற ரேகைகளில் அவர் கண் போகவில்லை. “தகவல் போயிருக்கிறதே” என்றார். மாஸ்டர் தலையை ஆட்டினார். நானும் ஆட்டினேன். புத்தகத்தைக் கையோடு எடுத்துக்கொண்டு போய்விட்டார். கேட்காரன் மூன்று நாளைக்குள் தன் தரப்பு விளக்கமாக இங்கிலீஷில் சமாதானம் எழுதிக் கொடுக்க வேண்டும் என்று உத்தரவு. 17ஆம் தேதி பத்து மணிக்கு இங்கேயே விசாரணை.

அவர் போன பிறகு மாஸ்டர் கதவைச் சாத்தினார்.

“அனுப்பினீரா இல்லையா?”

“இல்லை.”

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அப்புறம், “இந்த ரேகை வழக்கம் வெளியே வந்தா உம்ம வேலையும் போகும், என் வேலையும் போகும். எனக்கு ரிட்டயர் ஆக ஒன்றரை வருஷம். அவனுக்கு என்ன, அபராதம் போடுவான், வேற கேட்டுக்கு மாத்துவான். வண்டிக்காரன் பொழைச்சுக்கிடுவான். நீர் பரீட்சையைப் பாரும்.”

அவர் சொன்னதும் மனசு லேசானது. அதை இங்கே மறைக்க மாட்டேன். லேசானது.

இன்று நூல் வாங்கினேன்.

பங்குனி 11, புதன்

சமாதானத்தை மாஸ்டர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். நான் கேட்டைச் சாத்தியிருக்க வேண்டும். ஷுட் ஹேவ். நான் சாத்தியிருந்தால் இந்த விபத்து நடந்திருக்காது. இஃப், ஹாட், வுட் நாட் ஹேவ். ஒரு பிழை இல்லை. மாஸ்டர் நீலப் பென்சிலை எடுக்கவே இல்லை. “இப்பத்தான் உமக்குப் பிடிபட்டிருக்கு” என்றார்.

மாலை நாலு மணிக்குச் சின்னக்கருப்பன் வந்தான். சட்டையில் இன்னும் மாமாவின் ரத்தக் கறை, துவைத்தும் போகவில்லை. ஜன்னலுக்கு வெளியே நின்றான். உள்ளே வா என்று நானும் சொன்னதில்லை, அவனும் வந்ததில்லை.

“என்ன எழுதியிருக்கு சாமி?”

“நடந்தது எழுதியிருக்கிறது.”

“யாரும் வந்து சொல்லலைங்கிறது?”

“எல்லாம் இருக்கிறது.”

“சாமி எழுதுனா சரியாத்தேன் இருக்கும்.” கட்டைவிரலில் மசி தடவி வைத்தான். நான் தாளை எடுத்துக்கொண்டேன். ஜன்னலோர மேஜையில் அதற்கு அடியில் இருந்த வெற்றுத் தாள்கள் அப்படியே கிடந்தன. அவன் என் முகத்தைப் பார்த்தான். “இன்னும் கேப்பாகளோ என்னமோ. மசி இருக்கு, இதுலயும் வச்சுடட்டா? கேட்ட விட்டுட்டு அடிக்கடி வர முடியாது.” நான் பதில் சொல்வதற்குள் நாலு தாளில் வைத்துவிட்டான். ஒவ்வொன்றிலும் கீழ் வலது மூலையில், ஒரே அளவாக இடம் விட்டு. மேலே நாங்கள் எழுதிக்கொள்வதற்கு.

“வாரேன் சாமி.”

நாலு தாளையும் வீட்டுக்குக் கொண்டுவந்து டிரங்குப் பெட்டியில் வைத்தேன். ஏன் கொண்டுவந்தேன் என்று தெரியவில்லை. ஸ்டேஷனில் வைக்கப் பயமாக இருந்தது.

பங்குனி 12, வியாழன்

மாஸ்டரிடம் லீவு கேட்டு மதுரைக்குப் போனேன். காலை வண்டி. ஆஸ்பத்திரியில் ஒச்சப்பன் மாமா மூன்றாவது கட்டில். இடது கால் இல்லை. வலது கால் இருக்கிறது, ஆனால் காய்ச்சல் ஏறிக்கொண்டே போகிறது. பேச்சி கொடுத்தனுப்பிய கஞ்சியை இரண்டு மடக்கு குடித்தார்.

அவரே பேச்சை எடுத்தார். “கேட்டு தொறந்து கெடந்துச்சு மாப்ள. தொறந்து கெடந்தாப் போகலாம்ல? நான் எட்டிப் பாக்காமப் போனது தப்பா?”

“இல்லை மாமா.”

“மாட்டுக்காவது தெரிஞ்சிருக்கும். நின்னுச்சு. நான்தான் வாலை முறுக்குனேன்.”

அதையே திரும்பத் திரும்பச் சொன்னார். தன்னைத்தான் குற்றம் சொல்லிக்கொண்டார். அவர் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சொல்லிவிடலாம் என்று மூன்று முறை வாய் வரைக்கும் வந்தது. கஞ்சிப் பாத்திரத்தை மூடினேன்.

வராந்தாவில் அவர் தம்பி. “கேட்டுக்காரன் தூங்கிட்டானாமே மாப்ள? உங்க மாஸ்டரு சொன்னாராம்ல.”

நான் சொன்ன பதிலை அப்படியே எழுதுகிறேன். “புத்தகத்துல தகவல் போனதாத்தான் இருக்கு மாமா.”

பொய்யில்லை. ஒரு எழுத்துகூடப் பொய்யில்லை.

பங்குனி 13, வெள்ளி

காலை தந்திக் கருவி தட்டியது. நானே வாங்கினேன். ஒச்சப்பன் மாமா விடியற்காலம் இறந்துவிட்டார். எழுதி முடித்து நேரத்தைப் போட்டேன். என் கை தன் பாட்டுக்கு வேலை செய்தது.

மாஸ்டர் சொன்னார்: “இனி இது அபராதத்தோட போகாது. போலீஸ் கேஸ். அவன் ஜெயிலுக்குப் போவான்.” கொஞ்ச நேரம் கழித்து, “பாவம்” என்றார்.

மத்தியானம் வீட்டுக்குப் போனால் வெங்காயம் வதங்கும் வாசனை. வாசலில் ஒருத்தி மலிவாக விற்றுக்கொண்டு போனாள், ஒரு முறம் வாங்கினேன் என்றாள் பேச்சி. சின்ன வெங்காயம், சிலது நசுங்கி, சிலதில் இஞ்சின் கரி. கையில் எடுத்துப் பார்த்தேன். எங்கே பொறுக்கியது என்று தெரிந்துவிட்டது. கொல்லையில் கொண்டுபோய்க் கொட்டினேன். “என்னத்துக்கு இப்பக் கொட்டுறீக?” என்று பின்னாலேயே வந்தாள். என் முகத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனாள்.

பயிற்சி 19 செய்யவில்லை.

பங்குனி 14, சனி

மாமாவை எடுத்துவிட்டு, சுடுகாட்டிலிருந்து திரும்பும் வழியிலேயே அவர் ஆட்கள் கேட்டுக்குப் போயிருக்கிறார்கள். பதினைந்து பேர் இருக்கும். எங்கள் ஆட்கள். அதில் இரண்டு பேர் என் கல்யாணத்தில் பந்தி பரிமாறியவர்கள். நான் ஸ்டேஷனில் வேலை என்று சொல்லி சவ ஊர்வலத்தில் பாதியிலேயே திரும்பிவிட்டேன்.

மூக்கன் ஓடிவந்து சொன்னான். சின்னக்கருப்பனைக் கேட் கம்பத்தில் கட்டி வைத்து அடித்திருக்கிறார்கள். குடிசையைப் பிரித்துப் போட்டுவிட்டார்கள். பானை சட்டி எல்லாம் லைனில். அவன் பெண்டாட்டி ஐந்தே முக்கால் பாசஞ்சருக்குப் பயந்து கொடியோடு லைனில் ஓடி வண்டியை நிறுத்தியிருக்கிறாள். “தூங்குனியாடா, தூங்குனியாடான்னு கேட்டுக் கேட்டு அடிச்சாக சாமி. அவன் சாமி சத்தியமா யாரும் சொல்லலைன்னு ஒரே வார்த்தைதேன் சொல்லிக்கிட்டு இருந்தான்.”

மூக்கனுக்குத் தெரியும். அன்று நான் அவனிடம் சொல்லி அனுப்பவில்லை என்று அவனுக்குத் தெரியாதா? என் முகத்தைப் பார்க்காமல், தூணைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

வராந்தாவில் நான் சொன்ன அந்த ஒரு வரி. அதுதான் நடந்துபோய் அவனை அடித்தது. எனக்கு என்னைப் பிடிக்கவில்லை. வேறு எப்படி எழுதுவது என்று தெரியவில்லை.

மனசை அடக்க இலக்கணப் புத்தகத்தை எடுத்தேன். எழுதத் தாள் இல்லை. டிரங்குப் பெட்டியைத் திறந்து கையில் வந்ததை எடுத்தேன். ஒரு வாக்கியம் எழுதினேன். அதையே வுட் போட்டு, குட் போட்டு, மைட் போட்டு, மறுபடி வுட் போட்டு எழுதினேன். பத்து வரி ஆனது. கீழே வந்தபோதுதான் பார்த்தேன், மூலையில் அவன் ரேகை. மேலே இடம் விட்டு வைத்திருந்தானே, அந்த இடம் முழுக்க என் எழுத்து.

பங்குனி 15, ஞாயிறு

நடந்தே போனேன், லைன் ஓரமாக. தண்டவாளம் சுட்டது. கேட்டில் மாற்று ஆள் நின்றான், அடுத்த கேங்கிலிருந்து வந்தவன். சின்னக்கருப்பன் புளியமரத்தடியில் சாக்கில் படுத்திருந்தார். ஒரு கண் மூடியே போயிருந்தது. உதடு பிளந்து வீங்கியிருந்தது. எழுந்திருக்கப் பார்த்தார். நான் கீழே மண்ணில் உட்கார்ந்தேன். அவர் பெண்டாட்டி பதறி, “சாமி, மண்ணுல...” என்று சாக்கை இழுத்தாள்.

“நான் உனக்குச் சொல்லி அனுப்பவே இல்லை” என்றேன். “மறந்துவிட்டேன். புத்தகத்தில் நானாக எழுதினேன். அந்தச் சமாதானத்தில் நீ குற்றத்தை ஒப்புக்கொண்டதாக இருக்கிறது. அதையும் நான்தான் எழுதினேன்.”

திட்டுவார் என்று நினைத்தேன். அப்படித் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். ஒற்றைக் கண்ணால் பார்த்துக்கொண்டே இருந்தார்.

அவள்தான் பேசினாள். “அன்னைக்குப் பூராவும் ஒருவேளை தூங்கிட்டோமோ, ஆளு வந்து சொன்னது காதுல விழுகலையோன்னு என்னையக் கேட்டுக்கிட்டே இருந்தாரு. ராத்திரி பகலாக் கேட்டாரு. தாம் பேர்லயே சந்தேகம் வந்துருச்சு சாமி அவருக்கு.”

எழுந்து வந்துவிட்டேன்.

வீட்டில் பேச்சியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பரீட்சை, மதுரை, ஆஸ்பத்திரி, எல்லாம் போய்விடும் என்றும் சொன்னேன். முந்தானை நுனியைச் சுருட்டிக்கொண்டே கேட்டாள். “அந்த வெங்காயம் அதுனாலதானா?” என்றாள். ஆமாம் என்றேன். அழுதாள். கொஞ்சம் கழித்து, “மசி கரைச்சுத் தரவா?” என்றாள்.

என் சமாதானம். தந்தி வந்த நேரம், நான் எழுதிய நேரம், சொல்லி அனுப்பாதது, முன்கூட்டி ரேகை வாங்கும் வழக்கம். நாலு பாரா. எத்தனை முறை அடித்துத் திருத்தினாலும் ‘நான்’ என்றுதான் ஒவ்வொரு வாக்கியமும் ஆரம்பிக்கிறது. அப்படியே விட்டுவிட்டேன்.

பங்குனி 16, திங்கள்

மாஸ்டரிடம் காட்டினேன். நின்றுகொண்டே படித்தார். நீலப் பென்சில் காதில் இருந்தது, எடுக்கவில்லை.

“என் பேரும் வருதே ஓய்.”

“வழக்கம் என்றுதான் எழுதியிருக்கிறேன். பேர் எழுதவில்லை.”

“எழுதினாத்தான் பேரா?” உட்கார்ந்தார். சட்டென்று வயசாகிப்போன மாதிரி இருந்தார். “நாளைக்கு நீர் பரீட்சைக்குப் போம். விசாரணைக்கு உம்மைக் கூப்பிடலை. அவனோட தாளை மட்டும் கொடுத்து முடிச்சுடுதேன். பொறவு ஒரு மாசம் கழிச்சு மனசிருந்தா இதைக் கொடும்.”

ஒரு மாசம். அதற்குள் சின்னக்கருப்பனை மதுரை ஜெயிலுக்குக் கூட்டிப் போய்விடுவார்கள்.

முடியாது என்றேன். அப்புறம் அவர் என்னோடு பேசவில்லை. மாலை டீ மட்டும் வழக்கம்போல இரண்டு தம்ளர் வரவழைத்தார்.

வேலியோரம் இன்று வண்டி எதுவும் நிற்கவில்லை. திங்கட்கிழமை.

பங்குனி 17, செவ்வாய்

மேகம். மழை இல்லை, புழுக்கம் மட்டும். காலை பாசஞ்சர் மதுரைக்குப் போனது. பரீட்சைக்குப் போகிற வண்டி. பச்சைக் கொடி காட்டி அனுப்பினேன்.

பத்து மணிக்கு விசாரணை. இன்ஸ்பெக்டர், ஒரு போலீஸ்காரர், மாமாவின் தம்பி, மாஸ்டர். சின்னக்கருப்பன் ஜன்னலுக்கு வெளியே. உள்ளே கூப்பிடச் சொன்னேன். இன்ஸ்பெக்டர் புருவத்தைத் தூக்கினார். சின்னக்கருப்பன் உள்ளே வந்தார். கதவு ஓரமாக, சுவரைத் தொடாமல் நின்றார்.

என் தாளை மேஜையில் வைத்தேன். இன்ஸ்பெக்டர் இரண்டு முறை படித்தார். “இதற்கு அர்த்தம் தெரிந்துதான் கையெழுத்துப் போட்டீரா?” ஆமாம் என்றேன். அவர் கேட்டதற்கெல்லாம் இங்கிலீஷில் பதில் சொன்னேன். நேரத்தில் சொல்லியிருந்தால் கேட்டைச் சாத்தியிருப்பானா? வுட் ஹேவ். சந்தேகமில்லாமலா? சந்தேகமில்லாமல். யோசிக்கக்கூட இல்லை, வாயில் வந்தது.

பிறகு தமிழில் ஒருமுறை சொல்ல அனுமதி கேட்டேன். மாமாவின் தம்பியைப் பார்த்துச் சொன்னேன். முடிக்க விடவில்லை. எழுந்து வந்து என் சட்டையைப் பிடித்தார். “எங்க அண்ணன் கையைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தியே மாப்ள. அவரு பொணமாகுற வரைக்கும் நாந்தேன் தப்புப் பண்ணேன்னு சொல்லிச் செத்தாரே” என்றார். போலீஸ்காரர் விலக்கிவிட்டார். அடித்திருக்கலாம். அடிக்கவில்லை. சின்னக்கருப்பன் இருந்த பக்கம் அவர் திரும்பவே இல்லை. மன்னிப்பும் கேட்கவில்லை. விறுவிறுவென்று வெளியே போய்விட்டார்.

நான் இன்றிலிருந்து சஸ்பெண்டு. மாஸ்டர் மேல் தனி விசாரணை. சின்னக்கருப்பன் மேல் கேஸ் இல்லை. கேட் வேலை திரும்பக் கிடைக்குமா என்று கேட்டேன். எழுதிப் பார்க்கிறேன் என்றார் இன்ஸ்பெக்டர்.

எல்லோரும் போன பிறகும் சின்னக்கருப்பன் பிளாட்பாரத்தில் நின்றார். பக்கத்தில் போனேன்.

“அன்னைக்கு வெறுந்தாளுல நாலு வச்சேன். அது எங்க?”

வீட்டுக்கு ஓடி டிரங்குப் பெட்டியிலிருந்து எடுத்துவந்து கொடுத்தேன். விரலால் தள்ளித் தள்ளி எண்ணினார். ஒன்று, இரண்டு, மூன்று. நாலாவதில் நின்றார்.

“இதுல என்னமோ எழுதியிருக்கே.”

“நான்தான் எழுதினேன். பரீட்சைக்கு.”

“என்ன எழுதியிருக்கு? படிங்க.”

வாங்கிப் படித்தேன். தமிழில். “நான் சொல்லி அனுப்பியிருந்தால் சின்னக்கருப்பன் கேட்டைச் சாத்தியிருப்பான்.”

“அம்புட்டு வரியும்?”

“அம்புட்டு வரியும் இதேதான்.”

தாளைத் திரும்ப வாங்கி, படிக்கத் தெரிந்தவர்போல அந்தப் பத்து வரியையும் மேலிருந்து கீழே பார்த்தார். வீங்கிய கண்ணில் தண்ணீர் வடிந்துகொண்டிருந்தது, அழுகையா புண்ணா என்று தெரியவில்லை.

“இம்புட்டுத்தானா. இத அந்த மனுசன் உசுரோட இருக்கையில சொல்லியிருக்கலாம்ல.”

நாலு தாளையும் நாலாக மடித்து மடியில் சொருகிக்கொண்டார். லைன் ஓரமாக மேற்கே திரும்பினார். “போறேன்” என்றார். வாரேன் என்று சொல்லவில்லை.